கையெழுத்துப் போட்டு இறங்குவது

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்று ஒரு பகுதி வரும். சாதாரண வினைச்சொல் ஒன்றின் பின்னால் அப், ஆஃப், அவுட் என்று எதையாவது தொங்கவிட்டுப் புது அர்த்தம் உண்டாக்கியிருப்பார்கள். பதினாறு வருடமாக அதை நடத்துகிறேன். பட்டியலைப் போர்டில் எழுதுவேன், அர்த்தம் சொல்வேன், ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொல்வேன், மணி அடித்துவிடும். அந்தப் பட்டியலில் சைன் ஆஃப் என்று ஒன்று இருக்கிறது. அதை மட்டும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். வகுப்பில் அதை நின்று விளக்க எனக்கு இஷ்டமில்லை.

காரணம், என் கணவர் சரக்குக் கப்பலில் ஆயிலர். இன்ஜின் அறையில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடுவது, சூடு பார்ப்பது, துடைப்பது, கழற்றி மாட்டுபவருக்குக் கூடமாட நிற்பது அவர் வேலை. அந்த அறை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் உங்களைக் கட்டியிருக்கவே மாட்டேன் என்று சண்டை வரும்போதெல்லாம் சொல்வேன். அது பொய் என்று அவருக்கும் தெரியும்.

கப்பல்காரர் வீடுகளில் கணவன் வேலைக்குப் போகிறான், லீவில் வருகிறான் என்றெல்லாம் சொல்வதில்லை. சைன் ஆன் ஆகிறார், சைன் ஆஃப் ஆகிறார், அவ்வளவுதான். ஒன்பது மாதம் கப்பல், மூன்று நான்கு மாதம் வீடு. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் காலண்டரின் வேலையே அந்த ஒன்பது மாதத்தைக் கிழிப்பதுதான்.

போன வருடம் ஒரு நாள் வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். எதையும் சும்மா விடாத ரகம். "மிஸ், சைன்னா கையெழுத்து. அது புரியுது. ரேடியோ ப்ரோக்ராம் முடிக்கிறதுக்கு எதுக்கு மிஸ் கையெழுத்து? கூட ஆஃப் எதுக்கு?"

கைடில் அப்படித்தான் போட்டிருந்தது: ஒலிபரப்பை முடித்தல், கடிதத்தை முடித்தல். வேறு யாராவது கேட்டிருந்தால் உட்காரு என்றிருப்பேன். அன்று என் மனசு நன்றாக இருந்தது. சாக்பீஸை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்தில் கப்பலில் வேலைக்கு ஏறுகிறவன் முதலில் ஓர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடுவான். எந்தக் கப்பல், எங்கே போகிறது, என்ன வேலை, என்ன சாப்பாடு என்றுகூட அதில் எழுதியிருக்கும். எழுதத் தெரியாதவன் பெருக்கல் குறி போடுவான், பக்கத்தில் இன்னொருவர் சாட்சி எழுதுவார். பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, அதனால் ஆன். பயணம் முடிந்ததும் அதே பெயருக்கு நேராக இரண்டாவது கையெழுத்து. பெயர் பட்டியலை விட்டு நீங்கிவிட்டது, அதனால் ஆஃப். அந்த இரண்டாவது கையெழுத்து விழும்வரை அவன் கப்பலுக்குச் சொந்தம். ரேடியோவும் கடிதமும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை என்று நான் நினைக்கிறேன். தந்திக்காரர்கள் வழியாக வந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அகராதி எழுதுகிறவள் இல்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வகுப்பு அமைதியாகக் கேட்டது. அந்த மிதப்பில் நாக்கில் சனி உட்கார்ந்தது. எடுத்துக்காட்டு வாக்கியமாக, என் கணவர் அடுத்த வெள்ளிக்கிழமை சைன் ஆஃப் ஆகிறார் என்று ஆங்கிலத்தில் போர்டில் எழுதினேன். எழுதியதை உரக்கப் படிக்கவும் படித்தேன். நாற்பது பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கப்பல்காரர் வீட்டில் இறங்கும் தேதியை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காய்கறிக்காரர் கேட்டாலும், கூடப் பிறந்தவர்கள் கேட்டாலும், "வருவாரு, பாக்கலாம்" என்பதுதான் பதில். கம்பெனி தேதி கொடுக்கும், கடல் அதை மாற்றும். சொல்லி வைத்தால் தள்ளிப்போகும் என்று ஒரு பயம். நான் எம்.ஏ., பி.எட். படித்தவள். பூனை குறுக்கே போனால் திரும்பி வரும் அக்கம்பக்கத்தாரைக் கிண்டல் செய்கிறவள். அன்று டஸ்டரைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் உள்ளங்கையாலேயே அந்த வாக்கியத்தை அழித்தேன்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கப்பலேறும் முன்னால் அவர் வெள்ளைத் தாள்களின் கீழே வலது மூலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். தகப்பன் கையெழுத்து வேண்டும், குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்று கேட்கும் அலுவலகங்கள் நம் பக்கத்தில் ஜாஸ்தி. ரேஷன் கார்டில் திருத்தமோ, கேஸ் இணைப்பில் முகவரி மாற்றமோ, பெண்ணின் பள்ளிக்கூட விண்ணப்பமோ, தேவைப்படும்போது ஒரு தாளை எடுத்து மேலே நான் எழுதிக்கொள்வேன். இது சரியா என்று கேட்டால் சரியில்லை. ஆனால் எங்களைப் போன்ற எல்லா வீட்டிலும் இது உண்டு. ஒன்பது மாதத்துக்குப் பத்துத் தாள், அதுதான் கணக்கு. பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருப்பேன். அவர் வந்ததும் மிச்சத் தாள்களைத் தன் கையாலேயே கிழித்துப் போட வேண்டும். அன்றைக்கு இரண்டு தாள் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் பள்ளி விட்டு ஷேர் ஆட்டோவில் வரும்போது அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் எந்திரச் சத்தம். "ரிலீவர் இன்னும் கெளம்பலயாம். ஆபீஸ்ல கேட்டா பயந்துட்டாருங்குறாங்க. ஓமன் பக்கம் நங்கூரம் போட்டிருக்கோம். அஞ்சு நாள் நிப்போம். அதுக்குள்ள ஆளு வந்தா நான் எறங்கிடலாம். வரலன்னா அப்படியே அந்தப் பக்கம் போயிடும். நீ ஒண்ணும் பயப்படாத."

அவர் பயப்படாதே என்று சொன்னால்தான் எனக்குப் பயம் வரும். அந்தப் பக்கம் என்றால் செங்கடலின் வாசல். அங்கே போகிற வருகிற கப்பல்களின் மேல் கரையிலிருந்து ஏவுகணை விடுகிறார்கள் என்பதை டிவியில் பார்த்துப் பார்த்து, செய்தி ஆரம்பித்ததும் என் பெண் ரிமோட்டை எடுத்துச் சானலை மாற்றப் பழகியிருந்தாள். கப்பலில் எங்கே அடிபட்டாலும் கீழே இன்ஜின் அறையில் இருப்பவன்தான் கடைசியாக மேலே வர முடியும். அவராக ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. படம் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

அந்த மாதிரி இடத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லக் கப்பல்காரனுக்கு உரிமை இருக்கிறது. என் கணவர் சொல்ல மாட்டார். தான் இறங்கிவிட்டால் கூட இருப்பவனுக்கு இரட்டை வேலை என்பார். மாற்று ஆள் வந்தால் மட்டும்தான் இரண்டாவது கையெழுத்து.

மாற்று ஆள் யாரோ எவரோ இல்லை. சிதம்பரத்துத் தம்பி ஒருவர். என் கணவரோடு முன்பு ஒரு கப்பலில் வேலை பார்த்தவர். இந்தக் கம்பெனியில் அவரைச் சேர்த்துவிட்டதே என் கணவர்தான். ஒருவர் இறங்கினால் மற்றவர் ஏறுவது, பிறகு அவர் இறங்க இவர் ஏறுவது என்று அவர்களுக்குள் பேச்சு. அதற்கு முந்தின வருடம்தான் அவர் கல்யாணத்துக்குப் போய் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

என் கணவரின் அண்ணன் காட்டுமன்னார்கோயிலில் விவசாயம் பார்க்கிறார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே முடிவு எடுத்துவிட்டார். "நேர்ல போயி கேட்டுடுவோம்மா. போன்ல பேசுனா வேலைக்காவாது. நீ கடலூர்ல பஸ் ஏறு. நான் டவுன் பஸ் புடிச்சி சிதம்பரம் வந்துடுறேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். சிப்காட் நாற்றம் தாண்டும்வரை மூக்கை மூடிக்கொண்டு, அதன் பிறகு போனைத் திறந்தேன். கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஆப் ஒன்று உண்டு. ஒவ்வொரு கப்பலும் ஒரு சின்ன அம்பு. எங்கள் அம்பு ஓமன் கரையோரம் நின்றுகொண்டிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்து அந்தத் தம்பியிடம் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதலில் கெஞ்சலாக இருந்தது. புதுச்சத்திரத்தில் அது அதட்டலாகிவிட்டது. வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் திரும்பிப் போகத் தோன்றவில்லை.

வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. மாமா முன்னால் போக, நான் பின்னால் போனேன். ஹாலில் ஒரு பெரிய டிராவல் பை நின்றது. ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே இன்ஜின் அறையில் போடும் புது பாய்லர் சூட் மடிப்புக் கலையாமல் தெரிந்தது. அந்தத் தம்பி எழுந்து நின்றார். முகம் ஷேவ் செய்யாமல் வீங்கியிருந்தது.

"உக்காருங்கக்கா. ஒங்கள பாக்கவே கூச்சமா இருக்கு. டிக்கெட் வந்துடுச்சி. நாளன்னிக்கி ஃப்ளைட். மனசு வர மாட்டுது. பயமா இருக்குக்கா."

ஆண்பிள்ளை ஒருவர் என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கணவர் இருபது வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாமா விடவில்லை.

"பயம் யாருக்குத்தாம்பா இல்ல? அங்க நிக்கிறவனுக்கு இல்லியா? நீ போயி ஏறுனாத்தான அவன் எறங்க முடியும்? ஒன்ன சேத்துவுட்டவன் அவன்."

"தெரியுது மாமா. அண்ணன மறப்பனா? இவளுக்கு இது ஏழாம் மாசம்."

சமையலறை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதிருக்கும். தட்டில் மூன்று டம்ளர் டீயோடு மெல்ல வந்தாள். டீயை வைத்துவிட்டு உள்ளே போனவள், வெளியே வரும்போது கையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருந்தாள். அவற்றைக் கணவனுக்கு முன்னால் டீப்பாயில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எத்தன தாள்ல போட்டு வாங்கணும்? நீங்கதான் கரெக்டா சொல்லுவீங்க."

அந்தத் தம்பி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான், வேண்டாம்மா, அவரு போக வேணாம் என்று சொல்லியிருக்கலாம். யோசிச்சிச் செய்யுங்க என்றாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் தயார் செய்த கெஞ்சலையும் நான் சொல்லவில்லை.

"பன்னெண்டு வாங்கிக்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். முழுப் பெயரையும் தமிழில், எழுத்து எழுத்தாகப் போட்டார். ஒன்று, இரண்டு என்று நான் மனசுக்குள் எண்ணினேன். ஏழாவது தாளில் சற்று நிறுத்தி டீயைக் குடித்தார். பன்னிரண்டு முடிந்ததும் அவள் தாள்களைச் சேர்த்துத் தட்டி, ஓரம் சமமாக்கி உள்ளே எடுத்துப் போனாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மாமா சொன்னார், "நீ வாயத் தொறந்து கேக்கவே இல்ல பாரு. அதுவே முடிஞ்சிடுச்சி." எனக்கு வந்த கோபத்தில் பஸ் ஸ்டாண்ட் வரை அவரோடு பேசவில்லை. பாவம், அவர் என்ன தப்புச் செய்தார்?

நான்காம் நாள் மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டே வார்த்தை வந்தது. சைன் ஆஃப். தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வந்தார். இளைத்திருந்தார். காதில் இன்னும் எந்திரம் ஓடுவதுபோல் டிவியைச் சத்தமாக வைத்தார். இரண்டாம் நாள் பீரோவிலிருந்து மிச்சமிருந்த இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல் நான்காகக் கிழித்தார். அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். "இனிமே போகாதீங்க. பாப்பா தலையில கை வச்சி சொல்லுங்க." எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண், அவளுக்கு இதெல்லாம் கேலி. சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். அவர் கை வைத்துச் சொன்னார், "போகல. இங்கயே ஏதாவது ஒர்க்‌ஷாப்ல பாத்துக்கறேன்."

அன்று நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் போனில் அந்த ஆப்பை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது அம்பு செங்கடல் வாசலை நெருங்கியிருந்தது. மறுநாள் காலையில் அது நின்றுவிட்டது.

ஆபத்தான இடத்தைத் தாண்டும்போது கப்பல் தன் சிக்னலை அணைத்துவிடும், அதனால் அம்பு கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கும் என்று என் கணவர் விளக்கினார். கப்பலிலிருந்து மெசேஜும் அனுப்ப மாட்டார்கள். "ரெண்டு நாள்ல வெளிய வந்து நகரும் பாரு" என்றார். சொல்லிவிட்டு அவரும் என் போனை வாங்கி வாங்கிப் பார்த்தார்.

முதல் நாளே சிதம்பரத்திலிருந்து போன் வந்துவிட்டது. "அக்கா, அம்பு நகரலக்கா." எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்றே இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு தடவை நினைத்தேன்.

இதற்கு நடுவில் அந்த முதல் பெஞ்சுப் பெண் வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "மிஸ், ஒரு டவுட்டு. கப்பல்லயே செத்துட்டா? அவுங்களால ரெண்டாவது கையெழுத்து போட முடியாதே. அப்ப என்னா எழுதுவாங்க?"

"பாத்துச் சொல்றேன், போ" என்றேன். அடிக்கத் தோன்றியது. ஆனால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இடைவேளையில் தேடிப் பார்த்தேன். பழைய போர்க்கப்பல்களின் ஆள் பட்டியலில், இறந்துபோனவனின் பெயருக்கு நேரே இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் எழுதுவார்களாம். டி, டி. செத்தவனாக விடுவிக்கப்பட்டான் என்று அர்த்தம். அதை எழுதுவது வேறொரு கை. செத்தவனையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் கணக்கை முடிப்பார்கள். சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப்போன எனக்கு இது கிடைத்தது. போனைக் குப்புற வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்று இப்போது நினைவில்லை.

மூன்றாம் நாளும் அம்பு நகரவில்லை. என் கணவர் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டார். அன்று சனிக்கிழமை. காலையில் சிதம்பரத்துப் பெண் கூப்பிட்டாள். குரல் புதிதாக இருந்தது, அழுகை இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? ஒம்பது மாசம்தான காண்ட்ராக்ட்டு. எல்லாரும் பத்துதான் வாங்குறாங்களாம். நீங்க ஏங்க்கா பன்னெண்டுன்னு சொன்னீங்க? அவரு வர மாட்டாருன்னு ஒங்களுக்கு முன்னாடியே எதுனா தெரியுமா?"

"நான் வரேன், இரு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

அவள் ஹாலில் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன், அதன் பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு தாள். இன்னும் ஒன்றுகூடச் செலவாகவில்லை. நான் எதிரே உட்கார்ந்தேன். பஸ்ஸில் இந்தத் தடவை எதையும் தயார் செய்யவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். "அன்னிக்கி ஒம் புருஷன அனுப்பத்தான் வந்தேன். எம் புருஷன் எறங்கணும், அது ஒண்ணுதான் மனசுல. ஒன் வயித்தப் பாத்ததும் கேக்க வாய் வரல. நீ எத்தனன்னு கேட்ட. பத்துன்னு சொல்ல வேண்டியவ, கூட ரெண்டு சேத்துச் சொன்னேன். உள்ள இருந்த பயம் அப்படி வந்துடுச்சி. வேற ஒண்ணும் இல்ல. நான் பண்ணது பெரிய பாவம்."

அவள் தாள்களின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "நீங்க அனுப்பத்தான் வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க செருப்பு கழட்டும்போதே தெரியும்."

"தெரிஞ்சும் நீ ஏன் தாள எடுத்துட்டு வந்த?"

"அவரு போகலன்னா அண்ணன் எறங்க முடியாது. இன்னிக்கி அண்ணனுக்கு ஆளு போகலன்னா, நாளைக்கி இவரு எறங்குறதுக்கு யாருக்கா வருவாங்க?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்து வீட்டில் காபிப்பொடி கேட்பதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணன் வருவாருல்லக்கா?"

என் பெண்ணின் தலையும் அதன்மேல் வைத்த அவர் கையும்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. சத்தியம் வாங்கியவள் நான். அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வர மாட்டாரு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. தெரியல என்று சொல்வதும் அதேதான்.

"வருவாரு" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். ரசம் சாதம் போட்டாள், அவளும் கொஞ்சம் சாப்பிட்டாள். இரண்டு மணிக்குக் கடலூர் பஸ் ஏறினேன். பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டியதும் போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு வாங்கும் சத்தம்தான். "அக்கா, நகருது. நகருதுக்கா. இப்பத்தான் மெசேஜ் போட்டாரு, நல்லா இருக்கேன்னு."

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்து, "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தம்பி பிழைத்த சந்தோஷம் உண்மையான சந்தோஷம்தான். ஆனால் ஆலப்பாக்கம் வருவதற்குள் மாதங்களைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார். எட்டு மாதத்துக்கு மேல் கப்பலில் இருப்பார். பிறகு இறங்க வேண்டும். வருவாரு என்று நான் சொன்ன ஒரு வார்த்தை இப்போது நிஜமான கடனாகிவிட்டது.

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, ஸ்டேஷன் பக்கம் இருக்கும் ஸ்டேஷனரி கடையில் வெள்ளைத் தாள் ஒரு கட்டு வாங்கினேன். வீட்டில் அவர் மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அம்பு நகர்ந்ததைச் சொன்னேன். "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த கட்டைப் பார்த்தார். "எதுக்கு இவ்ளோ தாளு?"

"பாப்பாவுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்டு" என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மின்விசிறியின் இறக்கையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். கட்டைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது, சத்தியத்தை எப்படித் திருப்பி வாங்குவது என்று ஒரு வாரம் யோசித்தேன். பெண்ணுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தபோது ஒரு நாள் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டேன். அது சாதாரணக் காய்ச்சல்தான், மறுநாளே விட்டுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போகப் புடவை எடுத்தேன். தாள் கட்டு பிரிந்திருந்தது. மேலே இருந்த தாளில், கீழே வலது மூலையில், அவருடைய கையெழுத்து இருந்தது. அடுத்ததைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. பீரோவுக்கு முன்னால் நின்றபடியே எண்ணினேன்.

பத்து இருந்தது.